பால் மாட்டுக்குத் தாது உப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கும் தண்ணிக்கும் ஏற்றபடி

மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்காத மாடு. சுவரை நக்கி நக்கிச் சுண்ணாம்பைப் பெயர்க்கும் மாடு. கன்று போட்ட மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்ட மாடு. பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் பரிசோதனை பார்ப்பவள் நான். வீட்டில் என் மாடுகளும் இருக்கின்றன. பால் ஊற்ற வருகிறவர்கள் கேனை இறக்கி வைத்ததும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றைப் பற்றித்தான். "அக்கா, கால்சியம் டானிக் வாங்கி ஊத்தட்டுமா?" என்பதில்தான் அந்தக் கேள்வி வந்து முடியும்.

டானிக் பாட்டிலுக்குப் போகும் முன் உங்கள் மாடு தின்னும் தட்டையும் குடிக்கும் தண்ணியையும் கணக்குப் பாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். தாது உப்பு தினமும் போடவேண்டிய தீவனம். நோய் வந்த பிறகு ஊற்றும் மருந்தாக அதை நினைத்தால் காசும் போகும், மாடும் தேறாது. எந்த உப்பு, எவ்வளவு, எந்த மாதத்தில் என்பது ஊருக்கு ஊர் மாறும். தஞ்சாவூர்க்காரருக்குச் சரியாக இருக்கும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நம் தண்ணியில் ஃப்ளோரைடு இருக்கிறது, நம் மாடு ராகித்தட்டும், மாவு எடுத்த மரவள்ளிக்கிழங்குச் சக்கையான திப்பியும் தின்கிறது.

முதலில் ஏன் பற்றாமல் போகிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியமும் 1 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் பாஸ்பரஸும் போகிறது. பத்து லிட்டர் கறக்கும் மாடு தினம் 12 கிராம் கால்சியத்தை நம் கேனில் ஊற்றிவிடுகிறது. தின்பதில் உள்ள கால்சியம் முழுதும் ரத்தத்தில் சேராது. சேர்வது பாதிக்கும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் பாலுக்கு மட்டுமே 25 கிராமுக்கு மேல் தீவனத்தில் இருக்கவேண்டும், அதன் உடம்புக்கு வேண்டியது தனி. வரவு போதாதபோது மாடு பாலைக் குறைத்துக்கொள்வதில்லை. நகையை அடகு வைத்துக் குடும்பம் நடத்துகிற மாதிரி தன் எலும்பிலிருந்து எடுத்துப் பாலில் விடுகிறது. அதனால்தான் முதல் இரண்டு ஈற்றில் ஒன்றும் தெரிவதில்லை. மூன்றாம் ஈற்றில் படுத்துக்கொள்கிறது, அல்லது பருவத்துக்கே வராமல் நின்றுவிடுகிறது.

உங்கள் மாடு என்ன தின்கிறது

நம் பக்கம் ராகித்தட்டு இருப்பது பெரிய கொடுப்பினை. வைக்கோலைவிட அதில் கால்சியம் நன்றாகவே அதிகம், மாடும் விரும்பித் தின்னும். வைக்கோலில் ஆக்சலேட் என்கிற ஒன்று இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சாணியோடு வெளியே போய்விடும். மழை பொய்த்த வருசம் வெளியூர் வைக்கோலை லோடு லோடாக இறக்கி அதையே மூன்று நான்கு மாதம் போட்டால், தாது உப்பு போடாத மாடு கண்டிப்பாக வாடும். கோ-4, கோ-5 மாதிரியான கம்பு நேப்பியர் தீவனப்புல்லிலும் ஆக்சலேட் உண்டு. ரொம்ப இளசாக அறுத்துப் போட்டால் இன்னும் அதிகம். புல் பச்சையாக இருக்கிறதே, எல்லாச் சத்தும் வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கடலைக்கொடி, வேலிமசால், தட்டைப்பயறு, அகத்தி இதெல்லாம் கால்சியம் உள்ளவை. புல்லோடு இவற்றையும் தினம் கொஞ்சம் கலந்து போடுங்கள். சூபாபுல்லும் நல்லதுதான், ஆனால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

தேன்கனிக்கோட்டை, ஓசூர், நம் பாலக்கோடு பக்கமெல்லாம் பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்கள் புழு தின்று மிச்சம் விட்ட மல்பெரித் தண்டையும் இலையையும் மாட்டுக்குப் போடுகிறார்கள். அதிலும் கால்சியம் நிறைய இருக்கிறது. தோட்டத்துக்கு மருந்து அடித்த நாளை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

தவிட்டிலும் புண்ணாக்கிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. தட்டிலும் வைக்கோலிலும் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆக, தவிடு புண்ணாக்கு வாங்கக் காசில்லாமல் வெறும் தட்டைப் போட்டு மேய்ச்சலுக்கு விடுகிறவர் மாட்டுக்குப் பாஸ்பரஸ் பற்றாது. தவிடும் புண்ணாக்கும் தாராளமாகப் போட்டு வைக்கோலோடு நிறுத்துகிறவர் மாட்டுக்குக் கால்சியம் பற்றாது. இரண்டு மாடும் இளைத்துத்தான் நிற்கும், ஆனால் காரணம் எதிரெதிர்.

கிழங்குத் திப்பி, மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து வரும் தோல், விலை விழுந்தால் ராயக்கோட்டை பாலக்கோடு பக்கம் ரோட்டோரம் கொட்டுகிற தக்காளி, இவையெல்லாம் வயிற்றை நிரப்பும். தாது உப்பு என்று பார்த்தால் இவற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. திப்பியை நம்பி மாடு வைத்திருக்கிறவர்கள் இந்த உப்பு விஷயத்தில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்கவேண்டும். மரவள்ளித் தழை போடுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அதில் இருக்கும் சயனைடு நஞ்சு, வெட்டி வாட வைத்தால் குறையும், முழுதும் போகாது. உடம்புக்குள் போனது மாறி அயோடினைத் தைராய்டு சுரப்பிக்குச் சேரவிடாமல் தடுக்கும். கன்று குறைமாதத்தில் செத்துப் பிறப்பது, கழுத்து வீங்கி முடியில்லாமல் பிறப்பது இதெல்லாம் அயோடின் குறையின் அடையாளம். அந்த வீட்டில் அயோடின் கலந்த உப்பும், அயோடின் உள்ள தாது உப்புக் கலவையும் கட்டாயம் வேண்டும்.

தண்ணி

இதைப் பேசாமல் நம் ஊரில் தாது உப்பைப் பேச முடியாது. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் அடியில் இருக்கிற கருங்கல் பாறை ஒன்றுதான். அந்தப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து போர்த் தண்ணியில் வருகிறது. மனிதர்களுக்குப் பல்லில் பழுப்பு, மூட்டு வளைவு என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013ல் திறந்தார்கள். குடத்துக்குக் காவிரித் தண்ணி வந்தது. மாட்டுத் தொட்டிக்கு இன்னும் போர்த் தண்ணிதான்.

குடிதண்ணியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது மனிதர்களுக்கான அளவு. கறவை மாடு ஒரு நாளைக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், கோடையில் இன்னும் கூட. உங்கள் போரில் 3 மில்லிகிராம் இருந்தால் தினம் 180 மில்லிகிராம் ஃப்ளோரைடு தண்ணியிலேயே உள்ளே போகிறது.

மாட்டின் வாயைத் திறந்து பாருங்கள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துத் தலையைக் கொஞ்சம் தூக்கி, மறு கைக் கட்டைவிரலால் கீழுதட்டை இறக்கினால் கீழ்வரிசை முன்பல் எட்டும் தெரியும். மேலே முன்பல் கிடையாது, வெறும் ஈறுதான். நல்ல பல் பளபளவென்று பால் வெள்ளையாக வழவழப்பாக இருக்கும். ஃப்ளோரைடு ஏறிய பல்லில் முதலில் சுண்ணாம்பு பூசின மாதிரி பளபளப்பில்லாத வெள்ளைத் திட்டு இருக்கும். அப்புறம் குறுக்கே மஞ்சள் கோடு, அது பழுப்பாகி, கறுப்பாகி, கடைசியில் பல் சீக்கிரம் தேய்ந்து மொட்டையாகும். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தழைக்கறை என்றால் போகும். இது பல்லுக்குள்ளேயே இருப்பதால் போகாது. அப்படிப்பட்ட மாடு பச்சைத்தண்ணியை வாயில் வைத்ததும் கூசி விலகும், தட்டைச் சரியாக அரைக்காமல் உமிழும். எலும்பிலும் ஏறிவிட்டால் நொண்டும்.

இந்தக் கறை பல் முளைத்த பிறகு ஏறுவதில்லை. ஈறுக்குள் பல் உருவாகும்போது, அதாவது கன்றும் கிடாரியுமாக இருக்கும் இரண்டு இரண்டரை வயதுக்குள் குடித்த தண்ணியின் கணக்கு அது. அதனால் நல்ல தண்ணி கொஞ்சம்தான் கிடைக்கும் என்றால் அதைக் கறவை மாட்டுக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் கிடாரிக்கும் ஊற்றுங்கள். கூரை ஓட்டில் வழியும் மழைத் தண்ணியைப் பிடித்து வைக்கலாம், பண்ணைக்குட்டையில் தேக்கலாம், ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் அங்கே ஓட்டிப் போய்க் காட்டலாம். ஆழமான போருக்கும் திறந்த கிணற்றுக்கும் ஃப்ளோரைடு அளவு வேறாக இருக்கும், இரண்டும் இருந்தால் இரண்டையும் சோதித்துப் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணி கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணி வற்றி இன்னும் அடர்த்தியாகும்.

தாது உப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இரண்டு உண்டு. தீவனத்தில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் அது குடலிலேயே ஃப்ளோரைடோடு சேர்ந்து கரையாமல் சாணியில் போய்விடும். அதனால் நம் ஊரில் கால்சியம் குறைந்த மாட்டுக்கு இரட்டை அடி. இன்னொன்று, பாஸ்பரஸுக்காகச் சில மலிவுக் கலவைகளில் பாறைப் பாஸ்பேட்டைச் சேர்ப்பார்கள். ஃப்ளோரைடு தரும் ஃப்ளோரினை நீக்காத பாறைப் பாஸ்பேட் என்றால், ஏற்கெனவே தண்ணியில் வாங்குகிற மாட்டுக்கு நாமே காசு கொடுத்து இன்னும் ஊட்டுகிறோம்.

கலவை வாங்குவது

பையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். முன்பக்கத்தில் கொழுகொழுவென்ற மாட்டுப் படம் எல்லாப் பையிலும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு தாது உப்புக் கலவைக்கென்று ஒரு தரம் வைத்திருக்கிறது. சாதா உப்பு சேராத வகையில் கால்சியம் குறைந்தது 20 விழுக்காடு, பாஸ்பரஸ் 12 விழுக்காடு இருக்கவேண்டும். ஃப்ளோரின் 0.07 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின் எல்லாம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கவேண்டும். பாஸ்பரஸ் 2, 3 விழுக்காடு என்று போட்டு, கால்சியம் 30க்கு மேல் போட்டிருந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள். மலிவாக இருப்பதன் காரணமே அதுதான், பாஸ்பரஸ்தான் விலை. ஃப்ளோரின் என்ற வரியே இல்லாத பையை நம் இரண்டு மாவட்டத்துக்காரர்கள் வாங்கவே கூடாது என்பேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தரமான கலவை 50 கிராமில் ஃப்ளோரின் அதிகபட்சம் 35 மில்லிகிராம். மேலே சொன்ன போர்த் தண்ணியில் 180. ஆக நல்ல கலவையைப் பார்த்துப் பயப்படவேண்டாம், தண்ணிதான் முதல் எதிரி. ஆனால் தரமில்லாத கலவையில் இந்த 35 எவ்வளவாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தமிழ்நாட்டு மாடுகளுக்கென்று தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது. தருமபுரி குண்டல்பட்டியில் அவர்களுடைய பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். ஆவின் சங்கம் மூலம் வரும்போது சொல்லி வைத்து வாங்குங்கள். மூட்டை பிரித்து எடை போட்டு விற்கும் கலவையை நான் வாங்குவதில்லை. என்றைக்குப் பிரித்தது, ஈரம் ஏறியதா என்று தெரியாது. ஈரம் பட்டால் அயோடின் வீணாகும், கட்டி கட்டியாகும்.

சிலர் சுண்ணாம்புத் தெளிவு ஊற்றுகிறார்கள், முட்டை ஓட்டை இடித்துப் போடுகிறார்கள். கால்சியம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. துத்தநாகமும் செம்பும் சுண்ணாம்பில் கிடையாது.

போடும் அளவும் முறையும்

பையில் எழுதிய அளவுதான் முதல் கணக்கு. அது இல்லாதபோது பொதுவாக ஆறு மாதக் கன்றுக்கு 10 முதல் 20 கிராம், கிடாரிக்கு 25 முதல் 30, கறவை மாட்டுக்கு 50. பத்து லிட்டருக்கு மேல் கறந்தால் பாலைப் பார்த்து 100 வரை போகலாம். இதோடு சாதா உப்பு 30 கிராம் தனி. கம்பெனிக் குச்சித்தீவனம் நான்கு ஐந்து கிலோ போடுகிறவர்களுக்கு அதிலேயே தாது உப்பு கலந்து வந்திருக்கும். பையைப் பார்த்துவிட்டு மேலே பாதி அளவு சேர்த்தால் போதும்.

ஒரு கரண்டி என்று யாராவது சொன்னால் அந்தக் கரண்டி எது என்று கேளுங்கள். ஒரு கம்பெனித் தூள் கனம், இன்னொன்று லேசு. மளிகைக்கடைத் தராசில் 50 கிராம் நிறுத்து, ஒரு டம்ளரில் கொட்டி, தட்டி, எதுவரை வருகிறதோ அங்கே பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். அந்த டம்ளர் கட்டுத்தறியை விட்டு அசையக் கூடாது. பை மாற்றினால் கோட்டையும் மாற்றுங்கள்.

கழனித்தண்ணியில் கலந்து ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். மாடு குடித்து முடித்ததும் தொட்டியின் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் மணல் மாதிரி படிந்திருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கின பாஸ்பரஸ் அதுதான். கனமான தூள் கரையாமல் அடியில் இறங்கிவிடுகிறது. தவிடு புண்ணாக்கில் லேசாகத் தண்ணி தெளித்துப் பிசிறி, அதில் தூவிக் கலந்து போட்டால் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். காலையில் பாதி, மாலையில் பாதி.

தீவனம் வீட்டிலேயே அரைக்கிறவர்களுக்கு நான் போடும் கணக்கு, 100 கிலோவுக்கு: மக்காச்சோளமோ கம்போ 35 கிலோ, கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் சேர்த்து 27, தவிடு 20, உளுந்து துவரைப் பொட்டு 15, தாது உப்பு 2, சாதா உப்பு 1. இந்தத் தீவனத்தில் 4 கிலோ தின்னும் மாட்டுக்கு 80 கிராம் தாது உப்பு போய்விடுகிறது, மேலே எதுவும் வேண்டாம். கலக்கும்போது 2 கிலோ தாது உப்பை நேராகக் குவியலில் கொட்டாதீர்கள். முதலில் ஐந்து கிலோ தவிட்டில் கலந்து நிறம் ஒரே மாதிரி ஆனபிறகு அந்தத் தவிட்டைக் குவியல் முழுவதும் தூவி மண்வெட்டியால் புரட்டவேண்டும்.

உப்புக்கட்டி தொங்கவிடலாம், நக்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. உப்பு ருசி வேண்டிய அளவு கிடைத்ததும் மாடு நிறுத்திவிடும், அதற்குக் கால்சியக் கணக்கு தெரியாது.

மாடு காட்டும் அடையாளம்

சுவரை, மற்ற மாட்டின் உடம்பை நக்குவதும் மூத்திரம் குடிப்பதும் பெரும்பாலும் சாதா உப்புக் குறை. துணி, செருப்பு, எலும்பு, பிளாஸ்டிக் மெல்லுவது பாஸ்பரஸ் குறையாக இருக்கலாம், குடற்புழுவாகவும் இருக்கலாம். கறுப்பு எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாட்டின் முடி செம்பட்டையாக மங்கி, கண்ணைச் சுற்றி வெளுத்தால் செம்பைச் சந்தேகப்படுங்கள். குளம்பு வெடித்து, தோல் தடித்துச் செதில் செதிலாக வந்தால் துத்தநாகம். பருவத்துக்கு வருவதே தெரியாமல் ஊமையாகப் போய்விடும் மாட்டுக்குப் பாஸ்பரஸ், செம்பு, மாங்கனீசு, அயோடின் எல்லாமே பங்காக இருக்கும். நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதில் செலினியத்துக்கும் வைட்டமின் ஈக்கும் பங்குண்டு. ஆனால் செலினியம் கொஞ்சம் கூடினாலே நஞ்சு. டாக்டர் சொல்லாமல் தனியாக வாங்கிப் போடவேண்டாம்.

ஒன்று மட்டும் உடனே டாக்டரைக் கூப்பிடவேண்டியது. கன்று போட்டு இரண்டு முதல் நான்கு வாரத்தில் நன்றாகக் கறக்கும் மாட்டின் மூத்திரம் கருஞ்சிவப்பாக வந்தால் பாஸ்பரஸ் குறைந்து ரத்த அணு உடைகிறது என்று அர்த்தம் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலிலும் இதே நிறம் வரும், ஆனால் அதில் காய்ச்சல் அடிக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து அந்த எண்ணையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

சினை மாடும் கன்று போடும் நாளும்

எங்கள் பக்கம் மிக அதிகமாகத் தப்பு நடப்பது இங்கேதான். "வயித்துல கன்னு இருக்கு, பாவம், நல்லா ஊத்து" என்று மாமியார் சொல்ல, எட்டாம் மாதத்திலிருந்து கால்சியம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவார்கள். அன்போடு செய்கிறார்கள், ஆனால் அதுவேதான் கன்று போட்டதும் மாட்டைப் படுக்கவைக்கும்.

கறவை நின்ற மாட்டுக்குக் கால்சியம் தேவை குறைவு. வாயில் நிறைய வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்துவிடும் வேலையை உடம்பு நிறுத்திவைக்கும். கன்று போட்டதும் சீம்பால் சுரக்கிறது. சீம்பாலில் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம். மாட்டின் ரத்தத்தில் ஓடுகிற கால்சியமோ மொத்தம் 3 கிராம் அளவுதான். முதல் கறவையிலேயே அது காலியாகிற நிலைமை. நிறுத்திவைத்த வேலையை உடம்பு மறுபடி தொடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு மூன்று நாள்தான் ஆபத்து. ஜெர்சிக் கலப்புக்கும், மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்டதற்கும், முன்பு ஒரு தடவை படுத்ததற்கும் கூடுதல் ஆபத்து.

அதனால் ஏழாம் மாதம் முடிந்து கறவையை வற்றவைத்த பிறகு, முக்கியமாகக் கடைசி மூன்று வாரம், கால்சியம் டானிக்கை நிறுத்துங்கள். வேலிமசால், மல்பெரி, கடலைக்கொடியைக் குறையுங்கள். கன்றுக்குச் செம்பும் துத்தநாகமும் வேண்டியிருப்பதால் தாது உப்புக் கலவை 30 கிராம் இருக்கட்டும், அதில் கால்சியம் 6 கிராம்தான். எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையை உடம்பு நிறுத்தாமல் இருக்க, எதிர் அயனி உப்பு என்று சினை மாட்டுக்கென்றே விற்கிறது. முன்பு படுத்த மாடாக இருந்தால் டாக்டரைக் கேட்டு அதைக் கொடுக்கலாம். கன்று போட்டு எழுந்து நின்ற மாட்டுக்கு அன்றைக்கே வாய்வழிக் கால்சியம் ஜெல், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. இப்போதுதான் டானிக்குக்கு வேலை. முன்பு படுத்த மாட்டை முதல் இரண்டு நாள் ஒட்டக் கறக்காதீர்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் கன்றுக்குப் போகவேண்டும், அதில் குறை வைக்கவேண்டாம்.

மாடு பின்னங்கால் தள்ளாடி, தசை துடித்து, தீனி எடுக்காமல் நின்றால் அப்போதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். படுத்து, கழுத்தை விலாப் பக்கம் மடக்கி, காது சில்லிட்டு, மூக்கு காய்ந்து, சாணி நின்றுவிட்டால் மணி நேரக் கணக்கு. அரசு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். டாக்டர் வரும்வரை மாட்டை ஒருக்களித்து மல்லாக்க விடாமல், இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுத்து நெஞ்சில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். வயிறு உப்பாமல் இருக்கும். இரண்டு மணிக்கொருதரம் பக்கம் மாற்றுங்கள். வாயில் எதையும் ஊற்றவே ஊற்றாதீர்கள். எண்ணெயோ, கஷாயமோ, டானிக்கோ, மூங்கில் குழாயில் வைத்து ஊற்றினால் விழுங்கச் சக்தியில்லாத மாட்டுக்கு நுரையீரலில் போய்விடும். கால்சியம் போரோகுளுக்கோனேட்டை டாக்டர் நரம்பில் மெதுவாக ஏற்றுவார். அது வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும், ஆகவே பாட்டிலை வாங்கிவந்து பக்கத்து வீட்டுத் தம்பியை வைத்து ஏற்றும் வேலை வேண்டாம். சரியான நேரத்தில் ஏற்றினால் ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரு நாளில் மறுபடி படுக்கவும் வாய்ப்புண்டு, கண்காணிப்பிலேயே வையுங்கள்.

எவ்வளவு நாளில் தெரியும்

சொசைட்டியில் ஒரு வாரம் கழித்து வந்து "இன்னும் ஃபேட் ஏறலையேக்கா" என்பார்கள். கொழுப்பு ஏறுவதற்கு நார்த்தீவனம்தான் முதல் காரணம், தாது உப்பு அல்ல. முடியில் மினுமினுப்பு வர இரண்டு மாதமாகும். பருவம் ஒழுங்காக இரண்டு மூன்று சுற்று, அதாவது 21 நாளுக்கு ஒன்றாக, வந்து போகவேண்டும். ஒரு நோட்டில் கன்று போட்ட தேதி, பருவத்துக்கு வந்த தேதி, ஊசி போட்ட தேதி, தாது உப்பு தொடங்கிய தேதி நான்கும் எழுதுங்கள். கன்று போட்டு 60 நாளுக்குள் பருவம் தெரியவில்லை என்றால் நோட்டோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள். கருப்பையில் சீழ் இருந்தாலோ, தீவனமே போதாமல் மாடு எலும்பும் தோலுமாக இருந்தாலோ தாது உப்பு எத்தனை கிலோ போட்டும் சினை நிற்காது. தொடங்கும் முன் குடற்புழு மருந்து கொடுத்துவிடுவது நல்லது. புழு இருக்கும் குடலில் போடுகிற உப்பு பாதி வீண்.

கடைசியாக, கட்டுத்தறியிலேயே ஆடு கட்டியிருக்கிறவர்களுக்கு. மாட்டுக் கலவையில் இருக்கும் செம்பு செம்மறி ஆட்டுக்குக் கூடுதல். ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் திடீரென்று மஞ்சள் பாய்ந்து செத்துவிடும். மாட்டுத் தொட்டி மிச்சத்தை ஆட்டுக்குத் தள்ளாதீர்கள், மாட்டு உப்புக்கட்டியை ஆடு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், ஆட்டுக்கென்று தனியாக விற்கும் கலவையைக் கேட்டு வாங்குங்கள்.